கீழிருந்து வெட்டிய இரண்டு பத்திகள்

என் தம்பி குமரேசனின் வலது காலை முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆறு நாள் கழித்துத் தொடையில் எடுத்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் இறந்துபோனான். வயது ஐம்பத்தொன்று. ஆரம்பத்தில் இருந்தது குதிகாலின் ஓரத்தில் ஐம்பது காசு அகலத்தில் ஒரு புண்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காவிலிருந்து செய்தி அனுப்பியவள். முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கே கற்ற பழக்கம். சொல்லிவிட்டேன். மற்றதை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

குமரேசன் செங் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பதினேழு ஆண்டுகள், இரவு ஷிப்ட் மட்டும். மாலையில் மெர்லிமாவ் வீட்டு வாசலுக்குக் கம்பெனி வேன் வரும். காலையில் கொண்டுவந்து விடும். பகலில் தூங்குவான். மனைவி சாந்தி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். பிள்ளைகள் இல்லை.

அவனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து ஒன்பது ஆண்டுகள். இனிப்புநீர் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும்; காயம் பட்டாலும் வலிக்காது. கம்பெனி கொடுத்த இரும்பு முனைக் காலணிக்குள் தையல் பிரிந்து குதிகாலை அறுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. காலுறை துவைக்கும்போது ஈரமும் கறையும் பார்த்துச் சாந்திதான் கண்டுபிடித்தாள்.

மெர்லிமாவ் கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. புண்ணின் ஓரம் கறுத்தது. செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்குத் தேதி குறித்துக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தேதியில் நான் போனில் கேட்டேன். "போய்ட்டு வந்துட்டேன்கா, எல்லாம் ஓகே" என்றான். அவன் போகவில்லை. அது பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை சாந்தி அழைத்தபோதுதான் தெரிந்தது.

"அண்ணி, கொஞ்சம் வாங்க. அவருக்குக் குளுரு எடுத்து ஒதறுது. கால்ல வாடை வருது. தொறந்து பாப்போம்னா சண்டைக்கு வர்றாரு."

மலாக்கா டவுனிலிருந்து மெர்லிமாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் போனபோது படுக்கையறை ஜன்னல் இரண்டிலும் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கதவிடுக்கில் துணி சொருகியிருந்தது. விளக்கைப் போட்டேன்.

"அணைக்கா, அணை. வெளிச்சம் படக்கூடாது."

வலது பாதம் முழுவதும் கறுப்புத் துணியால் சுற்றியிருந்தது. ஐயப்பனுக்கு மாலை போடும்போது அவன் உடுத்தும் வேட்டி அது. கிழித்து, நான்கைந்து சுற்றுச் சுற்றி, கணுக்காலில் முடிச்சுப் போட்டிருந்தான்.

"இது என்னடா?"

"இருட்டுலதான் அது சுரக்கும். ஒம்போது நாளா தொறக்கல. உள்ள ஆறிக்கிட்டு வருது."

"யாரு சொன்னா?"

"நல்லாருக்கே. நீதானே எழுதின."

காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்தேன். நானும் சாந்தியும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவனைக் காரில் ஏற்றினோம்.

அவசரப் பிரிவில் ஓர் ஊழியர் அந்த வேட்டித் துணியைக் கத்தரியால் அடுக்கடுக்காக வெட்டினார். கடைசி அடுக்கு தோலோடு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்மணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனார். புண் இப்போது குதிகால் முழுவதும் பரவியிருந்தது. அதன்மேல் தேங்காய் எண்ணெயில் குழைத்த வெள்ளை மாவு போல ஒன்று அப்பியிருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சர்க்கரை இருபத்தெட்டு. இங்கே அளக்கும் கணக்கில் ஏழைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு.

இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். பெயர் ரேவதி; சிரம்பான்காரர். "அங்கிள், இந்தப் புண்ணுல என்ன போட்டீங்க?"

குமரேசன் சாந்தியைப் பார்த்தான். சாந்தி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். தூக்கம் வருவதற்கு விழுங்கும் மெலடோனின் மாத்திரைகள். இணையத்தில் வாங்கியது. தினமும் இரண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறான்; துணி சுற்றுவதற்கு முன் நான்கைப் பொடித்துப் பூசியிருக்கிறான். பிறகு அவனுடைய கிளினிக் புத்தகத்தின் நடுவிலிருந்து, ஒளிபுகும் உறையில் போட்ட ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தாள்.

தலைப்பு: இருளில் சுரக்கும் மருந்து, ஆறாத புண்ணும் ஆறும்.

நான் தொகுத்த ஞாயிறு மருத்துவப் பக்கம். இரண்டு ஆண்டுக்கு முந்தையது.

டாக்டர் ரேவதி அதை நின்றபடியே படித்தார். தமிழைக் கொஞ்சம் மெதுவாகத்தான் படித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் ராசிபலன் இருந்தது.

"இதுல மிச்சம் இல்லையா? மனுஷங்களுக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகலன்னு போடவே இல்லையே. யாரு எழுதினா?"

"பேப்பர்ல வந்தது டாக்டர்" என்றாள் சாந்தி. என் பக்கம் திரும்பவில்லை.

மிச்சம் இருந்தது. அதை நான் அறிவேன். அங்கே வேறு யாருக்கும் தெரியாது. செய்தித்தாளில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப்போக இல்லாவிட்டாலும் பரவாயில்லாதது இருக்கும் என்பது கணக்கு. அப்படித்தான் எழுதுவோம், அப்படித்தான் வெட்டுவோம். அந்த வாரம் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. பக்கம் கட்டுபவர் போனில் கூப்பிட்டு, "மேடம், எட்டு வரி தூக்கணும்" என்றார். நான் ஜாசின் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "கீழ இருந்து எடுத்துருங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மீன்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் அனுப்பிய மூலம் என் மின்னஞ்சலில் இன்னும் இருக்கிறது. வெட்டிய இரண்டு பத்திகள் இவை:

"இந்தச் சோதனைகள் பெரும்பாலும் எலிகளிடம் நடத்தப்பட்டவை. மனிதர்களின் ஆறாத புண்ணுக்கு இது உதவுமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

"இந்த மாத்திரையை நாமே வாங்கி விழுங்குவதோ புண்ணில் பூசுவதோ கூடாது. இனிப்புநீர் உள்ளவர்கள் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது."

அன்று பகல் முழுவதும் பரிசோதனைகள். இரத்தம் மூன்று குப்பி. எக்ஸ்ரே படத்தில் குதிகால் எலும்பின் ஓரம் அரித்த பலகை போல் இருந்தது. சதைக்குள் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள். கிருமி உண்டாக்கும் வாயு என்றார்கள். எலும்புக்குள்ளும் சீழ் இறங்கிவிட்டது. பிறகு டாப்ளர் என்னும் சிறு கருவியைக் கொண்டுவந்தார்கள். பேனா போன்ற ஒன்றைத் தோலில் வைத்தால் இரத்தம் ஓடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். இடது கணுக்காலில் வைத்தபோது சீரான இரைச்சல் வந்தது. வலது பாதத்தில் நான்கு இடங்களில் வைத்தார் டாக்டர் ரேவதி. ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே போனதும் சத்தம் திரும்பியது.

"இங்க வரைக்கும்தான் ரத்தம் வருது அங்கிள்" என்று பேனாவால் தொட்டுக் காட்டினார்.

குமரேசன் அந்த இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "சரி டாக்டர்" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் இனிப்புநீர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மலாய்ச் சொற்கள் போத்தோங் காக்கி. காலை வெட்டுவது.

சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, செவ்வாயன்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அறுவைக்கூடத்துக்கு வெளியே நீல நாற்காலிகள் பன்னிரண்டு. அவற்றில் மூன்று உடைந்தவை. நான் எண்ணியதற்குக் காரணம் வேறு எதையும் நினைக்காமல் இருப்பதுதான். சாந்தி பள்ளிக்கூடத்து ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறும் திங்களும் அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டு, செவ்வாய் காலை வேலைக்குப் போய், பாதியில் ஓடி வந்தவள். முழங்கையில் கோதுமை மாவு காய்ந்திருந்தது.

அதன்பின் வந்த ஐந்து நாட்களைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். அவன் பேசிக்கொண்டிருந்த நாட்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். ஏற்கெனவே ஐந்து கால்விரல்கள் போனவர். எல்லோரும் அவரைப் பாக்சிக் என்றோம், மலாயில் மாமா என்பது போல. அவர் வீட்டுக் கஞ்சி வந்தால் குமரேசனுக்கு ஒரு மூடி ஊற்றுவார். சாந்தி கொண்டுவரும் இரசத்தில் பாதி அங்கே போகும். குமரேசன் தன் பாதிக் காலை அவருக்குக் காட்டி மலாயில், "பாக்சிக் பரவால்ல, சில்லறையா கொடுத்தீங்க. நான் மொத்தமா கொடுத்துட்டேன்லா" என்று சொன்னதும் பெரியவர் தையல் வலிக்கிறது என்று கையால் தடுத்தபடி சிரித்தார். என்னிடம், "கம்பெனிக்கு லாபம்கா. இனிமே எனக்கு ஒத்தக் காலுக்குச் சப்பாத்து போதும்" என்றான். மிஸி என்று நாங்கள் அழைக்கும் தாதியிடம், கட்டு மாற்றும்போது மேலே எரியும் குழல்விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டான். "அணைச்சா நான் எப்படிப் பாக்குறது அண்ணே?" என்றாள் அவள். அவன் துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

கண்ணைக் கட்டினால் போதும் என்று டாக்டர் ரேவதி அவனுக்குச் சொல்லியிருந்தார். எனக்கும் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார். அந்தச் செய்தி பொய்யா என்று நான்தான் கேட்டேன்.

"பொய்னு சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. மெலடோனின் மூளைக்குள்ள ஒரு சின்ன சுரப்பியில வர்றது. ராத்திரி இருட்டுல வரும். கண்ணுல வெளிச்சம் பட்டா கொறஞ்சிரும். தூக்கத்துக்கு மட்டும் இல்ல. புண்ணு ஆறுறதுக்கும் உதவும்னு நெறைய ரிசர்ச் நடக்குது. புது ரத்தக் குழாய் வளருது, வீக்கம் கொறையுது, எலும்புகூட நல்லா சேருதுன்னு பாத்திருக்காங்க. அங்கிள் பதினேழு வருஷம் நைட் ஷிப்ட். அவருக்கு அது கம்மியா இருந்திருக்கலாம், நான் மறுக்கல. ஆனா இருட்டு கண்ணுக்குத்தான் வேணும் ஆன்ட்டி. காலுக்கு இல்ல."

அந்த வாரம் நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முன்பு செய்தி எழுதியபோது சுருக்கத்தை மட்டும் படித்திருந்தேன். இப்போது முழுவதும். எலியின் முதுகில் மயிரை மழித்து, சுத்தமான கருவியால் ஒரு வட்டத் துண்டை எடுக்கிறார்கள். அதுதான் புண். சில சோதனைகளில் எலிக்கு முதலில் இனிப்புநீரை உண்டாக்கிவிடுகிறார்கள். மெலடோனின் கலந்த களிம்பு தடவிய எலிகளுக்குச் சீக்கிரம் மூடுகிறது. புதுத் தோலின் அடியில் கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒழுங்காக அமைகின்றன. இவை உண்மை. ஆனால் எலியின் தோல் தளர்வானது. சுருங்கி இழுத்து மூடிக்கொள்ளும். மனிதப் பாதத்தின் புண் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து நிரம்ப வேண்டும். அதற்கு இரத்தம் வர வேண்டும், செத்த சதை போக வேண்டும், கிருமி அடங்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத காலில் எந்தக் களிம்பாலும் பயனில்லை. என் தம்பியின் கால் அந்தக் கால். ஒருநாள் இது மருந்தாகவே வரலாம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை, கோபமும் இல்லை.

நான்காம் நாள் தையலின் ஓரம் சிவந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல். மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் காலை மூன்று மருத்துவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கிருமி மேலேறிவிட்டது, தொடையில் எடுக்க வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாள்தான் என்றார்கள். டாக்டர் ரேவதி ஒப்புதல் தாளை வைத்துவிட்டு, "யோசிங்க அங்கிள், மத்தியானத்துக்குள்ள சொல்லணும்" என்றார்.

"மாட்டேன்" என்றான் குமரேசன். "கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே போவாங்க. போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ சாந்தி."

சாந்தி கெஞ்சினாள். அழுதாள். "நான் ஒத்தையா என்னாங்க பண்ணுவேன்" என்றாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் முகம் கழுவப் போனதும் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா. நீ எல்லாத்தையும் படிச்சுட்டியாம். சாந்தி சொல்லுச்சு."

"படிச்சேன்."

"நீ சொல்லு. டாக்டர் சொல்றத விடு, சாந்தி அழுவுறத விடு. எடுத்துக்கலாமா? நீ சொன்னா கையெழுத்துப் போடுறேன்."

அந்த இரண்டு பத்திகளைப் பற்றி அன்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்துதான் நான் மருத்துவமனைக்கு வந்திருந்தேன். காரில் வாக்கியத்தை அமைத்துப் பார்த்தும் இருந்தேன். அவன் கேட்ட நொடியில் கணக்கு மாறிவிட்டது. சொன்னால், அவன் அதுவரை நம்பிய ஒரே ஆளும் இல்லாமல் போவாள். தாள் மேசையிலேயே கிடக்கும். சொல்லாவிட்டால், எந்த நம்பிக்கையால் அவன் கால் போனதோ அதே நம்பிக்கையை வைத்துக் கையெழுத்து வாங்குகிறேன். பக்கத்தில் பாக்சிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மருந்து வண்டி இரண்டு கட்டில் தள்ளி நின்றது. யோசித்தது அரை நிமிடம் இருக்கலாம்.

"எடுத்துரலாம்டா குமரா" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவன் பேனா கேட்டான். என் பையில் எப்போதும் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்கா" என்றான்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவன் தொண்டையில் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனான். செப்சிஸ் என்றார்கள். கிருமி இரத்தத்தில் கலந்ததும் உடல் அதை எதிர்க்கும் வேகத்தில் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. முதலில் சிறுநீரகம் நின்றது. இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று குழாய்களில் ஏறியது. மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க, ஒரு மிஸி மெல்லிய துணியை அவன் இமைமேல் போட்டிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அவன் காதருகே குனிந்து நின்றேன். கேட்காத ஒருவனிடம் சொல்லுவது சொன்னதாகாது என்று தோன்றியது. சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் டாக்டர் ரேவதி எங்களைத் தேடி வெளியே வந்தார். அவர் கையுறைகளைக் கழற்றியிருந்தார். அதிலேயே தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, நானும் சாந்தியும் வாடகைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். விளம்பரம், எட்டு வரி, மீன் கடை, கையெழுத்து வாங்கியது எல்லாம். என் போனில் இருந்த அந்த இரண்டு பத்திகளைக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டுமுறை படித்தாள்.

"இத அவருகிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் உயரவில்லை. "அவரு இருக்கும்போதே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து ஒங்கள நல்லா திட்டியிருப்போம். அவரு ஒரு நாள் திட்டிட்டு மறுநாள் சிரிச்சிருப்பாரு. நானும் விட்டிருப்பேன். இப்ப நான் ஒத்தையா எப்படித் திட்டுறது? எப்படி விடுறது?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். அன்று அவள் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மெர்லிமாவுக்குப் போகிறேன். வர வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாள். கதவு திறந்திருக்கும். மேசையில் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர், சீனி குறைவாக, சூடு ஆறாமல் மூடி வைத்திருக்கும். குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறேன்.